பதினொரு வருடத்துக் காற்று

"நம்மகிட்ட படகு இருக்கா, மேனேஜரம்மா?"

கமடோர் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். பாய்மரப் படகு கிளப்பின் தலைவரைக் கமடோர் என்று அழைப்பது ஆதி நாளிலிருந்து வரும் வழக்கம். இந்தக் கமடோருக்குக் குளியலறை டைல்ஸ் விற்கும் கடை. தண்ணீரோடு அவருக்கு இருந்த உறவு அந்த டைல்ஸோடு சரி. படகைப் படத்தில் பார்த்தாலே தலை சுற்றும் என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். பதவிக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது.

"இருக்கணும் சார். ஷெட்டைத் திறந்து பார்த்தாத்தான் தெரியும்" என்றாள் மேனேஜரம்மா.

மேஜை மேல் ஏரி அலுவலகத்துக் கடிதம் கிடந்தது. மூன்றே வரி. ஆண்டுதோறும் கிளப் அனுப்பும் கடிதம் இவ்வாண்டு வந்து சேரவில்லை. எனவே ஞாயிறு காலை பத்து மணிக்கு அலுவலர் ஒருவர் நேரில் வந்து படகு விவரங்களைப் பார்வையிடுவார். உரிய பதிவேடுகளை எடுத்து வைக்கவும்.

அன்று புதன்கிழமை.

அந்த ஆண்டுக் கடிதத்தை நினைத்தாலே அவளுக்கு முகம் சுருங்கும். முதன்முதலில் அதை அவளுக்குச் சொல்லி டைப் அடிக்க வைத்தவர் பழைய செக்ரட்டரி. 'போதிய காற்று இல்லாமையால் இவ்வாண்டு பாய்மரப் படகுப் போட்டி நடைபெறவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.' சொல்லிவிட்டு அவர் ஏனோ சிரித்தார். அடுத்த வருடமும் அதே வரி. அதற்கடுத்த வருடமும். தேதி மட்டும் மாறும். அவர் இறந்து இரண்டு வருடமாகியும் அவள் அதை விடாமல் அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் தன்னுடைய கையாலாகாத்தனத்தைத் தானே எழுதிக் கையெழுத்துக்கு வைப்பது போலிருக்கும். பதினொரு கடிதம் போயாகிவிட்டது. பன்னிரண்டாவதைத்தான் கமடோர் படித்துப் பார்த்து, நம்ம வெட்கக்கேட்டை நாமே ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பணுமா என்று கேட்டு நாலாகக் கிழித்துப் போட்டார். அந்த ஒரு நாள் மட்டும் அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது.

இப்போது அதன் பலன் மேஜை மேல் கிடந்தது.

ஏரிக்கரை நிலம் கிளப்பின் சொந்தம் இல்லை. குத்தகை. அந்தப் பழைய பத்திரம் அவளுக்கு மனப்பாடம். 'பாய்மரப் படகு விளையாட்டை வளர்ப்பதற்காக மட்டும்.' பிறகு ஒரு தடவை புதுப்பித்தார்கள். அந்தத் தாளைப் பழைய செக்ரட்டரி எங்கே வைத்தார் என்ற ரகசியம் அவரோடு போய்விட்டது. போட்டி நடக்காததற்குக் காற்றைச் சாக்குச் சொல்லலாம், படகு விளையாட்டே இல்லை என்று தெரிந்தால் நிலம் போகும். நிலத்தோடு கிளப் போகும். கிளப்புக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் இருக்கும் இரண்டு அறை வீடும் போகும். பதினெட்டு வருடமாக அவள் குடியிருக்கும் வீடு அது. மகளின் பள்ளிக்கூடம் அங்கிருந்து இரண்டு தெரு. பொதுத்தேர்வுக்கு இன்னும் நாலே மாதம்.

கமடோர் எழுந்து சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை போட்டி நடத்திடுவோம். நீங்க பாத்துக்குவீங்க."

நீங்க பாத்துக்குவீங்க. இந்த இரண்டு வார்த்தைகளின் மேல்தான் அந்த கிளப் நின்றுகொண்டிருந்தது. ஒரு வேலை செய்யப்படாமல் கிடப்பதைப் பார்த்தால் அவளுக்கு மூச்சு முட்டும். சொட்டும் குழாயைத் தாண்டிப் போக முடியாது. யாரோ சாய்த்துவிட்டுப் போன நாற்காலியை நிமிர்த்தாமல் இருக்க முடியாது. அவளுடைய இந்தக் குணத்தை நாற்பத்திரண்டு அங்கத்தினர்களும் நன்றாகப் புரிந்துவைத்திருந்ததால் யாரும் எதையும் செய்வதில்லை.

வெளியே வராந்தாவில் பைனாகுலர்காரர் உட்கார்ந்திருந்தார். எண்பத்திரண்டு வயது. கிளப்பில் படகோட்டத் தெரிந்த கடைசி ஆள். தினமும் காலையில் வந்து பைனாகுலர் வழியாக ஏரியைப் பார்த்துவிட்டு மாலையில் போய்விடுவார். எதிர்க்கரையில் பம்பு அறை ர்ர் என்று ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தவிர ஏரியில் சத்தமே இல்லை. மீன் பிடிக்கிறவர்கள், துணி துவைக்கிறவர்கள் எல்லாம் எப்போதோ காணாமல் போயிருந்தார்கள். அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"எதுக்கும்மா வீண் வேலை? எப்பவும் போல காத்து இல்லைன்னு எழுதிக் குடுத்துடு. அதுதானே இங்க வழக்கம்" என்றார் அவர், கண்ணிலிருந்து பைனாகுலரை எடுக்காமலேயே.

இந்த மாதிரி ஆட்களால்தான் கிளப் இந்தக் கதிக்கு வந்தது என்று அவள் மனதுக்குள் திட்டிக்கொண்டே ஷெட்டுக்கு நடந்தாள்.

துருப்பிடித்த பூட்டை உடைக்க வேண்டியதாயிற்று. ஒரு காலத்தில் பதினெட்டுப் படகுகள் நின்ற இடம் அது. இப்போது ஐந்து. ஒன்றில் மண்ணைக் கொட்டி யாரோ புதினா வளர்த்திருந்தார்கள். ஒன்றில் பூனை குட்டி போட்டிருந்தது. மூன்றாவது தொட்டவுடன் பக்கவாட்டில் உதிர்ந்தது. மீதி இரண்டில் ஒன்று முழுசாக இருந்தது. இன்னொன்றின் அடியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஓட்டை.

ஒரே படகு ஓடினால் அதைப் போட்டி என்று எந்த அலுவலரும் நம்பமாட்டார். சீட்டாட்ட மேஜைகளுக்குக் கால் மாற்ற வரும் தச்சரைக் கூப்பிட்டாள். அவர் படகைத் தட்டிப் பார்த்துவிட்டு, இதுவும் ஒரு மேஜைதான், கால் இல்லாத மேஜை என்றார். பலகை தேட நேரமில்லை. ஷெட்டின் மூலையில் சுவரைப் பார்த்துச் சாத்தியிருந்த ஒரு பெரிய நீலத் தகரத்தை எடுத்து மடக்கி ஓட்டையின் மேல் வைத்து அடித்தார். அவள் வந்து பார்த்தபோது தார் பூசிப் படகை நிமிர்த்திவிட்டிருந்தார்.

"தகரத்துல ஏதோ எழுத்து இருந்துச்சே?"

"அது அடியில போயிடுச்சும்மா. இனிமே மீன்தான் படிக்கணும்."

அடுத்து பாய். பதினெட்டுப் பாய்களில் ஒன்றுகூட ஷெட்டில் இல்லை. விசாரித்ததில் ஒன்று சமையலறைப் பின்கட்டில் வெயிலுக்கு மறைப்பாகக் கட்டியிருப்பது தெரிந்தது. அதை அவிழ்த்தாள். சமையல்காரர் வெயிலில் நின்று சமைக்க முடியாது என்று அடுப்பை அணைத்துவிட்டார். அடுப்பு அணைந்ததும் அங்கத்தினர்கள் கமடோரிடம் போனார்கள். கமடோர் அவளைக் கூப்பிட்டு, படகு முக்கியம்தான், ஆனால் மத்தியானச் சாப்பாடு அதைவிட முக்கியம் என்று விளக்கினார். அவள் சீட்டாட்ட அறைத் திரைச்சீலையைக் கழற்றிப் பின்கட்டில் கட்டினாள். சீட்டாட்ட அறையில் வெயில் அடித்து எல்லார் கைச் சீட்டும் எதிர்ச் சுவரின் கண்ணாடியில் தெரிந்தது. இரண்டு ஆட்டம் பாதியில் நின்றது. கடைசியில் தன் வீட்டுப் பூப்போட்ட திரையை எடுத்துவந்து அவளே உட்கார்ந்து இரண்டாவது பாயாகத் தைத்தாள். வீட்டு ஜன்னலில் திரைக்குப் பதில் செய்தித்தாளை ஒட்டிவிட்டு மகள் பாடம் படித்தாள்.

வியாழக்கிழமை காலை அறிவிப்புப் பலகையில் இரண்டு தாள் ஒட்டினாள். படகு ஓட்டுவோர் ஒன்று, நடுவர் குழு இன்னொன்று. சாயங்காலத்துக்குள் நடுவர் குழுவில் முப்பத்தொரு பேர் சேர்ந்துவிட்டார்கள். படகு ஓட்டுவோர் தாளில் யாரோ பென்சிலால் ஒரு வாத்து வரைந்திருந்தார்கள்.

பைனாகுலர்காரரிடம் கெஞ்சினாள். அவர் ஏரியைப் பார்த்தார், தன் முழங்காலைப் பார்த்தார், மறுபடியும் ஏரியைப் பார்த்தார். "ஓட்டறேன்" என்றார். அந்தக் குரல் அவள் இதுவரை கேட்டிராத குரலாக இருந்தது. சற்று நேரம் அவளுக்குத் தன் எரிச்சல்கூட மறந்துபோயிற்று.

இன்னொரு ஆளுக்கு அவள் வீட்டுக்குத்தான் போகவேண்டியிருந்தது. அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அதிர்ந்து பேசாதவர்.

"ஏங்க, உங்களுக்கு நீச்சல் தெரியுமில்ல?"

அவர் சாப்பிட்டுக்கொண்டே யோசித்தார். "தெரியும். ஆனா நான் மேலயும் கீழயும் போறவன். பக்கவாட்டுல போனதில்லையே."

"போய்த்தான் ஆகணும்."

"அப்ப சரி" என்றார். இருபது வருடமாக அவர் இப்படித்தான் சரி என்று சொல்லிவந்தார். அந்தச் சரி என்பதில் சம்மதம் எவ்வளவு, சலிப்பு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு நேரம் கிடைத்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை கமடோருக்குப் புது யோசனை வந்தது. பதிவேடுகளை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்களே, போட்டிப் புத்தகம் எங்கே? அவள் எடுத்துக் கொடுத்தாள். தோல் அட்டை போட்ட கனமான புத்தகம். கிளப்பின் சரித்திரமே அதில்தான் இருந்தது. ஆறு நண்பர்கள் சேர்ந்து ஒரு படகு வாங்கினார்கள். யார் சுக்கான் பிடிப்பது என்று முதல் நாளே சண்டை வந்தது. ஆளுக்கொரு படகு கட்டிக்கொண்டார்கள். யார் படகு உசத்தி என்று பார்க்கப் போட்டி வைத்தார்கள். கிளப் பிறந்தது. ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு பக்கம். தேதி, காற்று, படகுகள், வென்றவர், தகராறு என்று ஐந்து கட்டம். தகராறு கட்டம்தான் எல்லா வருடமும் நிரம்பி வழிந்து ஓரத்தில் ஏறியிருக்கும்.

கடைசிப் பதினொரு பக்கம் காலி.

"இதை ரொப்பிடுங்க" என்றார் கமடோர்.

"நடக்காத போட்டியை எப்படி சார் எழுதறது?"

"நடந்த மாதிரி எழுதுங்க. பழைய லெட்டரையெல்லாம் யாரு பத்திரமா வெச்சிருக்கப் போறாங்க?"

செய்யக்கூடாது என்று தெரிந்தது. காலிப் பக்கங்களைப் பார்த்தாள். அவை செய்யப்படாத வேலைகள்போல் அவளைப் பார்த்தன. பேனாவைத் திறந்தாள்.

முதல் வருடத்தை எழுதும் முன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். 'காற்று: வடகிழக்கு, மிதமானது.' எழுதி முடித்ததும் அந்தக் காற்று நெற்றியில் பட்டதுபோல் இருந்தது. மூன்றாவது வருடத்தில் பயம் போய்விட்டது. ஐந்தாவது வருடத்தில் லேசான தூறல்கூடப் போட்டாள். இத்தனை வருடமாக இல்லை, இல்லை என்று டைப் அடித்த விரல்கள் இப்போது இஷ்டத்துக்குக் காற்றை வீசச் செய்தன. ஏழாவது வருடப் போட்டியில் சிறப்பு விருந்தினராகக் கலந்துகொண்ட லிஃப்ட் மெக்கானிக் ஒருவரை முதலாவதாக வரவைத்தாள். அவர் வாழ்க்கையில் எதிலாவது ஒரு தடவை முதலாவதாக வரட்டும் என்று இருந்தது. நம்பும்படி இருக்க, தகராறு கட்டத்தையும் விடாமல் நிரப்பினாள்.

அங்கேதான் தப்புப் பண்ணினாள். சனிக்கிழமை புத்தகம் கிளப் முழுக்கக் கை மாறிற்று.

முதலில் பல் டாக்டர் வந்தார். ஒன்பதாவது வருடம் வக்கீல் தன் படகை இடித்தாரே, அப்புறம் மன்னிப்புக் கேட்டாரா இல்லையா என்று கேட்டார். அவள் அப்படி ஒரு போட்டியே நடக்கவில்லை என்று நினைவூட்டினாள்.

"நடக்கல, சரி. அதுக்காக இடிச்சிட்டு ஒரு வார்த்தை கேக்காம போவாரா மனுஷன்?"

பின்னாலேயே வக்கீல் வந்தார். நேரில் பார்த்த மாதிரி எழுதியிருக்கிறீர்களே, குறுக்கே வந்தது அவர் இல்லையா என்று மடக்கினார். முப்பது வருடமாக ஒரே மேஜையில் சீட்டாடிய இருவரும் அன்று சாயங்காலம் தனித்தனி மேஜையில் உட்கார்ந்தார்கள். இன்னும் நாலு பேர் தங்களுக்கு ஒரு மூன்றாவது இடமாவது கொடுத்திருக்கலாம் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். கமடோர் பத்து வருடம் முன்பு தான் அங்கத்தினரே இல்லை என்பதை மறந்து, தன்னை ஏன் ஒரு தடவைகூட ஜெயிக்க வைக்கவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். அவள் நாற்காலிகளை நிமிர்த்திக்கொண்டிருந்தாள். பதினொரு வருடம் ஒன்றுமே செய்யாமல் எவ்வளவு ஒற்றுமையாக இருந்தார்கள் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலை காற்று வீசியது. நிஜக் காற்று. வேப்பமரம் உலுக்கிக்கொண்டது, மேஜை விரிப்புகள் பறந்தன. "இன்னிக்குன்னு பாத்து வந்திருக்கு" என்று பைனாகுலர்காரர் பைனாகுலரை மேஜையில் கழற்றி வைத்துவிட்டுப் பூப்போட்ட பாய்க்குக் கீழே போய் உட்கார்ந்தார்.

சரியாகப் பத்து மணிக்கு ஸ்கூட்டரில் அலுவலர் வந்து இறங்கினார். ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஒல்லியான மனிதர். தோளில் துணிப்பை, கையில் ஒரு ஃபைல்.

"ஒரு கையெழுத்துதாம்மா. அஞ்சு நிமிஷ வேலை" என்றார் அவளிடம்.

அதற்குள் கமடோர் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அதெல்லாம் அப்புறம், முதலில் எங்கள் போட்டியைப் பாருங்கள் என்று கரையோரம் போட்டிருந்த நாற்காலியில் உட்கார வைத்து, ஆறு நண்பர்களின் சண்டையிலிருந்து தொடங்கிச் சரித்திரம் சொன்னார். அலுவலர் இரண்டு தடவை வாயைத் திறந்தார். இரண்டு தடவையும் கமடோர் அவர் கையில் டீயைக் கொடுத்தார்.

ஆரம்ப காலத்தில் பீரங்கி வெடித்துப் போட்டியைத் தொடங்குவார்களாம். பீரங்கி எங்கே போயிற்றோ. அவள் சாப்பாட்டு மணியை எடுத்து அடித்தாள். முப்பத்தொரு நடுவர்களும் ஒருசேர எழுந்து சாப்பாட்டுக் கூடத்துக்குள் போனார்கள்.

படகுகள் தண்ணீரில் இறங்கின. அலுவலர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். டீ அவர் கையில் சாய்ந்து சட்டையில் கொட்டியது. அவர் அசந்துபோய்விட்டார் என்று அவளுக்கு மனம் குளிர்ந்தது.

பூப்போட்ட பாய் காற்றை வாங்கிக்கொண்டு நேராக எதிர்க்கரையை நோக்கிப் பறந்தது. முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்த பைனாகுலர்காரர் திரும்பிப் பார்க்கவே இல்லை. பம்பு அறை வாசலில் இரண்டு பேர் கையை ஆட்டி ஏதோ கத்தினார்கள். உற்சாகப்படுத்துகிறார்கள் என்று கமடோர் சொன்னார். அவள் கணவரின் படகு நின்ற இடத்திலேயே மூன்று சுற்றுச் சுற்றி, யோசிப்பதுபோல் சற்று நின்று, அப்படியே கவிழ்ந்தது. இடுப்பளவுத் தண்ணீர்தான். அவர் எழுந்து, இது எதிர்பார்த்ததுதான் என்பது போல் கரையை நோக்கி நடந்து வந்தார். படகின் அடிப்பாகம் வெயிலைப் பார்த்து மிதந்தது. தார் பாதி உரிந்திருந்தது. நீலத் தகரத்தில் வெள்ளை எழுத்துகள் தலைகீழாகத் தெரிந்தன. அவளால் அவ்வளவு தூரம் படிக்க முடியவில்லை.

அலுவலர் மேஜையிலிருந்த பைனாகுலரை எடுத்துத் தலையைச் சாய்த்து நெடுநேரம் பார்த்தார். மெதுவாகக் கீழே வைத்தார்.

"இன்னிக்கு ஒரு நாள்தான் இப்படியா?" என்றார்.

சந்தேகப்படுகிறார். ஓடிப்போய்ப் போட்டிப் புத்தகத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் விரித்தாள். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். வடகிழக்குக் காற்று, தூறல், இடித்த படகு, ஜெயித்த லிஃப்ட் மெக்கானிக். புரட்டப் புரட்ட அவர் முகம் வெளுத்தது.

"பதினொரு வருஷமும் ஓடிச்சா?"

"ஒரு வருஷம் தவறல. தகராறைப் பாருங்க, அதுக்கே பக்கம் பத்தல" என்றார் கமடோர்.

அலுவலர் தன் ஃபைலைத் திறந்தார். உள்ளே பதினொரு கடிதங்கள், நூல் கோர்த்து வரிசையாக. அவள் டைப் அடித்தவை. அவற்றைப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்தார்.

"காத்து இல்ல, போட்டி நடக்கலன்னு வருஷா வருஷம் எழுதியிருக்கீங்களே. இதுல எதும்மா நிஜம்?"

கமடோர் சாப்பாட்டுக் கூடத்தின் பக்கம் நகர்ந்துவிட்டிருந்தார். அவள் மட்டும் நின்றாள். நீங்க பாத்துக்குவீங்க. வேப்பமரத்தடியில் அந்த இரண்டு அறை வீடு தெரிந்தது. செய்தித்தாள் ஒட்டிய ஜன்னலுக்குப் பின்னால் மகளின் தலை குனிந்திருந்தது. கரையில் நின்று கணவர் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். வாழ்நாளில் பொய்ச் சத்தியம் செய்திராத அவள் வலது கையைப் போட்டிப் புத்தகத்தின் மேல் வைத்தாள்.

"புத்தகம்தான் சார் நிஜம். லெட்டர் எல்லாம் நான் தெரியாம அனுப்பின தப்பு. என் பொண்ணு மேல சத்தியம், இந்த ஏரியில வருஷம் தவறாம படகு ஓடியிருக்கு."

எதிர்க்கரையிலிருந்து ஒரு விசில் சத்தம் நீளமாகக் கேட்டது. அலுவலர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு போட்டிப் புத்தகத்தை மூடி, அவள் கையோடு சேர்த்து மெல்ல அவள் பக்கமே தள்ளி, குரலைத் தாழ்த்திக் கெஞ்சுகிற மாதிரி சொன்னார்:

"லெட்டர்தான் நிஜம்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா, இதைக் குடிதண்ணி ஏரியாக்கிக் குத்தகையைப் புதுப்பிச்சதுலேருந்து, படகு விடாம இருக்கிற வரைக்கும்தான் இந்த இடம் உங்களுக்கு."